காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் ஆட்டோமேட்டிக் கியர்: பெட்டியை இறக்கலாமா?

கேள்வி: ஏழு வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் வாங்கினேன் சார். ஆறு கியர், டார்க் கன்வெர்ட்டர் வகை, 80,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பகலில் ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் முதல்முறை எடுக்கும்போதுதான் தொல்லை. இன்ஜின் 1400 ஆர்பிஎம்மில் இரைகிறது, டி-க்குத் தள்ளினால் ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு 'டக்' என்று இடிக்கிறது, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக 3000 வரை இழுக்கிறது, முதல் நாலைந்து கிலோமீட்டருக்கு ஆறாவது கியர் விழுவதே இல்லை. குளிர் அதிகமான நாளில் இன்னும் மோசம். ஒரு மெக்கானிக், கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கி ஓவர்ஹால் பண்ண வேண்டும் என்கிறார். இன்னொருவர், தினமும் பத்து நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு எடுங்கள், சரியாகிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். பெட்டியை இறக்கவும் வேண்டாம், பத்து நிமிடம் வண்டியை நின்ற இடத்தில் உறும விடவும் வேண்டாம். நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி, நல்ல ஆரோக்கியமான ஆட்டோமேட்டிக் குளிரில் செய்யும் வேலைதான். மீதிக் கால்வாசிக்கு மட்டும் கொஞ்சம் கவனம் தேவை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்து கிடக்கின்றன. கியர் தாமதமாக மாறுவது ஒன்று. டி-க்குத் தள்ளினால் 'டக்' என்று இடிப்பது இன்னொன்று. இடிப்பதற்கு முன் ஒரு நொடி சும்மா நிற்பது மூன்றாவது. மூன்றும் ஒரே நேரத்தில் வருவதால் ஒரே நோய் என்று தோன்றும், ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு.

முதலில் கியர் தாமதமாக மாறுவதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் வண்டிக்காரர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான், மூன்றிலும் அப்பாவியும் இதுதான். மூன்றாவது கியருக்குப் போக முடியாமல் பெட்டி தவிக்கவில்லை. போக வேண்டாம் என்று கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருக்கிறது. இன்ஜின் எவ்வளவு சூடு, கியர் ஆயில் எவ்வளவு சூடு என்று இரண்டு சென்சார் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் குளிராக இருந்தால், சாதாரணமாக 1800-ல் மாற்றும் கியரை 2500, 3000 வரை இழுத்துத்தான் மாற்றும். சைலன்சர் குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இதற்கு ஒரு காரணம். அது ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை சூடானால்தான் வேலை செய்யத் தொடங்கும், அதுவரை புகை அப்படியே வெளியே போகும். பெட்ரோல் கார் ஒரு சிறு பயணத்தில் விடும் நச்சில் பெரும்பங்கு ஸ்டார்ட் செய்த முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் வெளியேறுகிறது. அதனால் ஆர்பிஎம்மைக் கொஞ்சம் உயரத்தில் வைத்து, சூடான புகையை அதிகமாகத் தள்ளி, கன்வெர்ட்டரைச் சீக்கிரம் எழுப்பப் பார்க்கிறார்கள். இன்ஜினும் அதே சாக்கில் சூடாகிவிடும். ஐடில் 1400-ல் இரைவதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

ஆறாவது கியர் வராததும் அதே கதை. பல கார்களில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், 50, 60 டிகிரி தாண்டும்வரை கடைசி கியரைக் கொடுக்கவே மாட்டார்கள், லாக்-அப்பையும் போட விடமாட்டார்கள். லாக்-அப் என்றால் என்னவென்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஆயில் நிரம்பிய ஒரு பெரிய உருளை இருக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் ஆயிலை வீச, அந்த வீச்சில் மறுபக்கச் சக்கரம் சுற்றும், இரண்டுக்கும் நேரடிப் பிடிப்பு கிடையாது, அதனால் எப்போதும் கொஞ்சம் வழுக்கும். ஓரளவு வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் ஒரு கிளட்ச் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடும், வழுக்கல் நின்றுவிடும், அதுதான் லாக்-அப். வண்டி நன்றாகச் சூடான பிறகு ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆர்பிஎம் முள் மெதுவாக இருநூறு முந்நூறு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இன்னொரு கியர் விழுந்தது போல இருக்கும். கியர் அல்ல, அது லாக்-அப். ஆயில் குளிராக இருக்கும்போது அந்தக் கிளட்சை நயமாகப் பிடிக்க வைக்க முடியாது, வண்டி நடுங்கும், குளிர்ந்த இன்ஜினின் உதறலும் நேராகச் சக்கரம் வரை போகும். அதனால் கம்ப்யூட்டர் காத்திருக்கிறது. நாலைந்து கிலோமீட்டர் என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது.

இப்போது ஆயில். ஆட்டோமேட்டிக் பெட்டியில் ஆயில் என்பது மசகு மட்டும் இல்லை. கியர் மாற்றும் கையே அதுதான். பம்ப் அழுத்தம் கொடுக்க, வால்வ் பாடி என்ற அலுமினியக் கட்டையில் பாம்புப் புற்று மாதிரி ஓடும் வழிகளில் ஆயில் போய், பிஸ்டனைத் தள்ளி, கிளட்ச் பிளேட்டுகளை நெருக்கும். அந்த ஆயில் கெட்டியாக இருந்தால் எல்லாமே ஒரு தாளம் பிந்தும். எவ்வளவு கெட்டி? கெட்டித்தன்மையைச் சென்டிஸ்டோக் என்ற அளவில் சொல்வார்கள். இப்போது புழங்கும் மெல்லிய ரக ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், 100 டிகிரியில் சுமார் 6 சென்டிஸ்டோக், 40 டிகிரியில் அதுவே சுமார் 30. ஐந்து மடங்கு. உங்கள் கார் காலையில் நிற்பது 40 டிகிரியிலும் இல்லை, அதற்கும் கீழே. இந்த ஆயில்களுக்குக் குளிர்ச் சோதனையே தனியாக உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 2005-ல் கொண்டுவந்த டெக்ஸ்ரான் 6 தரத்தில், மைனஸ் 40 டிகிரியில் ஆயில் 15,000 சென்டிபாய்ஸைத் (இதுவும் கெட்டித்தன்மையின் அளவுதான்) தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள், முந்தைய டெக்ஸ்ரான் 3-க்கு அது 20,000. இத்தனை கவனமாக ஆயிலை மெல்லியதாக்கிக்கொண்டே வந்ததற்கு ஒரு காரணம், இந்தக் காலைத் தாமதம்தான்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, இன்ஜின் சூடாகிவிட்டால் கியர்பெட்டியும் சூடாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. மீட்டரில் நீல நிற விளக்கு அணைந்தவுடன் பலர் ஆக்சிலரேட்டரை மிதிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த விளக்குக் கூலன்டைப் பற்றித்தான் பேசுகிறது, கியர் ஆயிலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டி ஓட்டிப் பார்க்கும்போது கூலன்ட் 85-க்கு வந்து உட்கார்ந்திருக்கும், ஏடிஎஃப் அப்போதுதான் 40-க்கு ஏறிக்கொண்டிருக்கும், இதைப் பல கார்களில் பார்த்திருக்கிறேன். கூலன்டையே கொண்டு கியர் ஆயிலைச் சூடாக்கும் அமைப்பு உள்ள புதிய கார்களில் இந்த இடைவெளி குறைவு. அது இல்லாதவற்றில் பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓடினால்தான் பெட்டி தன் முழுச் சூட்டுக்கு, அதாவது 80, 90 டிகிரிக்கு, வரும்.

பத்து நிமிட ஐடில் யோசனை ஏன் வேலைக்கு ஆகாது என்பதும் இதிலேயே இருக்கிறது. கியர் ஆயிலுக்குப் பெரும்பகுதிச் சூடு வருவது டார்க் கன்வெர்ட்டரின் வழுக்கலில் இருந்து. பி-யில், அதாவது பார்க்கில், நிற்கும்போது கன்வெர்ட்டரின் இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சேர்ந்து சுற்றும், வழுக்கலே இல்லை, அப்புறம் சூடு எங்கிருந்து வரும்? பத்து நிமிடம் நின்ற வண்டியில் ஏடிஎஃப் சில டிகிரிதான் ஏறியிருக்கும். பெட்ரோல் செலவு, குளிர்ந்த சிலிண்டரில் கழுவிக்கொண்டு இன்ஜின் ஆயிலில் கலக்கும் பெட்ரோல் என்று நஷ்டம் மட்டும் கணக்கில் சேரும். "சரி, அப்படியானால் டி-யில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வழுக்கல் வருமே" என்று யாராவது புத்திசாலித்தனமாகக் கேட்பார்கள். வரும். நிறையவே வரும். அதற்கு ஸ்டால் டெஸ்ட் என்று பெயர். பட்டறையில் ஐந்து நொடிக்கு மேல் அதைச் செய்யாதே என்று சர்வீஸ் புத்தகத்திலேயே எச்சரித்திருப்பார்கள், ஆயில் அத்தனை வேகமாகக் கொதிக்கும். வீட்டு வாசலில் அதைச் செய்ய வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. ஸ்டார்ட் செய்யுங்கள், சீட் பெல்ட் போடுங்கள், கண்ணாடியைச் சரி செய்யுங்கள், ஆர்பிஎம் முள் 1400-லிருந்து ஆயிரத்துக்குப் பக்கத்தில் இறங்கும்வரை பொறுங்கள். இருபது, முப்பது நொடி. நல்ல குளிரில் ஒரு நிமிடம். உறைபனிக்கும் கீழே போகும் இடத்தில் இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை முழுதாக மிதித்தபடி டி-க்குத் தள்ளி, பெட்டி பிடித்ததை உடம்பில் உணர்ந்த பிறகு பிரேக்கை விடுங்கள். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் யாரும் செய்வதில்லை. லீவரைத் தள்ளின கையோடு ஆக்சிலரேட்டரில் கால் போய்விடுகிறது, உள்ளே பிளேட்டுகள் பாதி பிடித்திருக்கும்போது இன்ஜின் வேகமெடுக்கிறது, அந்த அரை நொடியில் தேய்வது அந்தப் பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற மெல்லிய உராய்வுப் பட்டை. தினமும் காலையில் ஒருமுறை, பின்னால் எடுக்கும்போது ஒருமுறை. வருடக் கணக்கில் யோசித்துப் பாருங்கள்.

அதன் பிறகு முதல் சில கிலோமீட்டர் மிதமாகப் போனால் போதும். பெட்டி கியரைப் பிடித்து வைத்தால் வைக்கட்டும், மேனுவல் மோடில் போட்டு நீங்களாக ஆறாவதுக்குத் தள்ளிப் போராட வேண்டாம், பல கார்களில் கம்ப்யூட்டர் அதை மதிக்கவே மதிக்காது.

இப்போது இடி. 1400 ஆர்பிஎம்மில் சுற்றிக்கொண்டிருக்கும் கன்வெர்ட்டரை நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தோடு திடீரென்று கோத்துவிட்டால் இடிக்கத்தான் செய்யும். முள் இறங்கியபின் தள்ளினால் பாதி இடி காணாமல் போகும். போகாவிட்டால் இன்ஜின் மவுன்ட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழு வருட ரப்பர், குளிரில் கல் மாதிரி இறுகிப்போய் இடியை அப்படியே பாடிக்குக் கடத்தும், மத்தியானம் சூட்டில் அதே ரப்பர் கொஞ்சம் இளகிக்கொள்ளும், அதனால் இடியும் காலையில் மட்டும் வருவது போலத் தெரியும். கியர்பாக்ஸ் இடிக்கிறது என்று வந்த வண்டிகளில் மவுன்ட் மாற்றியதோடு திரும்பிப் போனவை கணிசம்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. வண்டியைச் சரிவில் நிறுத்துகிறீர்களா? பி-யில் போட்டால் உள்ளே ஒரு சின்ன இரும்பு நாக்கு ஒரு பல்சக்கரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் போடாமல் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் காரின் மொத்த எடையும் அந்த நாக்கின்மேல் ராத்திரி முழுக்கத் தொங்கும். காலையில் லீவரை இழுக்கும்போது அது விடுபடும் சத்தம், எனக்கே சில வண்டிகளில் நெஞ்சு துணுக்குறும். நின்றதும் பிரேக்கை மிதித்தபடி என்-னில் போடுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், காலை லேசாக விட்டு வண்டியை அதன்மேல் உட்கார வையுங்கள், அப்புறம் பி. ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். டக் சத்தம் நின்றுவிட்டால், ஓவர்ஹால் சொன்னவரிடம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாவது, அந்த ஒரு நொடித் தாமதம். நான் கவனம் தேவை என்று சொன்ன கால்வாசி இதுதான். டொயோட்டாவின் சர்வீஸ் புத்தகங்கள் பலவற்றில் இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது: ஆயில் சூடாக இருக்கும்போது என்-னிலிருந்து டி-க்குத் தள்ளினால் 1.2 நொடிக்குள் பிடிக்க வேண்டும், ஆர்-க்கு 1.5 நொடிக்குள். சூடான ஆயிலுக்கே இவ்வளவு அனுமதி என்றால், குளிரில் ஒரு நொடி என்பது குறையே இல்லை. இரவு முழுக்க நிற்கும்போது கன்வெர்ட்டரிலும் வழிகளிலும் இருந்த ஆயில் கொஞ்சம் கீழே சம்புக்கு, அதாவது அடித்தொட்டிக்கு, வடிந்துவிடும், காலையில் பம்ப் அதை மறுபடி நிரப்ப வேண்டும், ஆயிலோ கெட்டி. ஒரு நொடி, ஒன்றரை நொடி, விட்டுத் தள்ளுங்கள். அதுவே இரண்டைத் தாண்டி மூன்று நொடி என்று ஆனாலோ, மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போனாலோ, அல்லது ரிவர்சில் மட்டும் தனியாக அதிகமாக இருந்தாலோ விட்டுத் தள்ளக் கூடாது.

அப்போது முதல் சந்தேகம் ஆயில் மட்டம். அடுத்தது ஃபில்டர். மூன்றாவது பிஸ்டன் சீல்கள். அந்த ரப்பர் சீல்கள் வருடக்கணக்கில் சூட்டில் வெந்து இறுகிப்போயிருக்கும். குளிரில் அவை சுருங்கியே இருக்கும், ஓரமாக ஆயில் கசியும், பிஸ்டனைத் தள்ள வேண்டிய அழுத்தம் சேராது. ஆயில் சூடாகச் சூடாக சீல் கொஞ்சம் இளகி விரிந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும், வண்டியும் நல்ல பிள்ளை ஆகிவிடும். இதற்கு நேர்மாறான நோயும் உண்டு: காலையில் ஜம்மென்று ஓடி, சூடானதும் வழுக்கத் தொடங்கும். அங்கே பம்ப்போ வால்வ் பாடியோ தேய்ந்திருக்கும். ஆயில் கெட்டியாக இருக்கும்வரை அந்தத் தேய்மானத்தின் வழியே அதிகம் கசியாது, மெலிந்ததும் ஒழுகிவிடும். இரண்டில் எனக்கு அதிகப் பயம் பின்னதுதான். உங்கள் வண்டி சூட்டில் ஒழுங்காக ஓடுகிறது என்பதைப் படித்ததுமே எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது.

உண்மையான ஆபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆர்பிஎம் முள்ளையும் வேக முள்ளையும் சேர்த்துப் பாருங்கள். கியர் மாறும் முன் ஆர்பிஎம் 3000 வரை ஏறுகிறது, வண்டியும் அதற்கேற்ப வேகம் பிடிக்கிறது என்றால் அது கம்ப்யூட்டரின் விருப்பம். கியர் மாறும் அந்த நேரத்தில், ஒரு கியர் விட்டு அடுத்தது பிடிக்கும் இடைவெளியில், ஆர்பிஎம் மட்டும் திடீரென்று ஐந்நூறு அறுநூறு துள்ளி மேலே போய், வண்டி இழுக்காமல் மிதந்து, பிறகு வெடுக்கென்று பிடித்தால் அது வழுக்கல். பட்டறையில் 'ஃப்ளேர் அடிக்கிறது' என்போம். உங்கள் கடிதத்தில் 'இழுக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள், 'துள்ளுகிறது' என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இத்தனை தைரியமாகப் பேசுகிறேன், நாளைக் காலை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆயில் மட்டத்தைப் பற்றி ஒரு சொந்த அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டியின் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை, காலையில் குளிராக இருக்கும்போது எடுத்துப் பார்த்து, சூடான ஆயிலுக்கான 'ஹாட்' கோட்டுக்குக் கீழே இருக்கிறதே என்று அந்தக் கோடு வரை தாராளமாக ஊற்றிவிட்டேன். ஆயில் சூடானால் பெருகும். 8 லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 80-க்கு ஏறினால் முந்நூறு, நானூறு மில்லி அதிகமாகிவிடும். மத்தியானம் அந்த வண்டி திரும்பி வந்தது. சுற்றும் பல்சக்கரங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கி, பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தள்ளி, அடிப்பக்கம் முழுக்கச் சிவப்பு. நுரைக்குள் காற்று இருப்பதால் அழுத்தம் நிற்காது, ஒழுங்காக ஓடிய வண்டி என் கைங்கரியத்தில் வழுக்கத் தொடங்கியிருந்தது. உறிஞ்சி வெளியே எடுத்தேன், வண்டிக்காரர் நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் சுட்டது. அன்றிலிருந்து வெப்பநிலை தெரியாமல் ஆயில் மட்டம் பார்ப்பதில்லை. உங்கள் காரில் பெரும்பாலும் டிப்ஸ்டிக்கே இருக்காது. அடியில் ஒரு பிளக் இருக்கும், ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, பல பெட்டிகளில் 35-க்கும் 45-க்கும் இடையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டியைச் சமமாகத் தூக்கி அதைத் திறக்க வேண்டும், மெல்லிய நூலாக வழிந்தால் சரி. உங்கள் காருக்கு என்ன எண் என்று புத்தகத்தில் இருக்கும். ஸ்கேனர் இல்லாமல் அந்தப் பிளக்கைத் திறக்க ஒருவர் கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று பழைய உரிமையாளரிடம் கேட்டீர்களா? ஆயுளுக்கும் போதும் என்று சில கம்பெனிகள் எழுதி வைத்திருக்கும். கியர்பெட்டி தயாரிக்கும் இசட்எஃப் தன் பெட்டிகளுக்கே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில், ஆயிலை மாற்றச் சொல்கிறது. நான் அந்தப் பக்கம். பழைய ஆயிலில் குளிர்த் தாங்கும் சேர்மானங்கள் உடைந்துபோயிருக்கும், காலைத் தொல்லை கூடுவதற்கு அதுவும் காரணம். சம்பை மட்டும் வடித்தால் பாதிகூட வராது, மீதி கன்வெர்ட்டருக்குள் இருக்கும், அதனால் கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொருமுறை மாற்றுவது நல்லது. உங்கள் பெட்டிக்கு எழுதியிருக்கும் தர ஆயில்தான், 'எல்லாவற்றுக்கும் ஏற்றது' என்ற டப்பா வேண்டாம். சீலை உப்ப வைக்கும் திரவம் ஊற்றுங்கள் என்று யாராவது சொன்னால், சில மாதம் நன்றாக இருக்கும், அதற்குப் பிறகு வரும் பிரச்சினைக்கு அவர் இருக்க மாட்டார்.

இனி, உங்களுக்கு ஓவர்ஹால் சொன்னவரை நினைத்து எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு கார் என்னிடம் வந்தது. வேறொரு பட்டறையில் பெட்டியை இறக்க நாள் குறித்துவிட்டார்கள், கடைசி நிமிடச் சந்தேகத்தில் வண்டிக்காரர் என்னிடம் காட்டினார். கடைசி கியர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதே இல்லை, லாக்-அப் விழுவதில்லை, மைலேஜ் போய்விட்டது. ஸ்கேனரை மாட்டி அரை மணி நேரம் ஓட்டினேன். கூலன்ட் 58, 61, 57. வேகம் எடுத்தால் காற்றில் இறங்குகிறது, சிக்னலில் நின்றால் ஏறுகிறது, எழுபதைத் தொடவே இல்லை. ஹீட்டரைப் போட்டால் வெதுவெதுப்பான காற்று. சூட்டுக்கேற்ப கூலன்ட் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது, கூலன்ட் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ரேடியேட்டருக்கு ஓடிக் குளிர்ந்துகொண்டே இருந்தது. இன்ஜின் இன்னும் காலையிலேயே இருக்கிறது என்று கியர்பெட்டியின் கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருந்தது, அதன்படி கடைசி கியரைத் தராமல் பிடித்து வைத்தது. தெர்மோஸ்டாட்டை மாற்றியதோடு கியர்பெட்டி 'குணமானது'. கூலன்ட் போதிய சூட்டுக்கு வரவில்லை என்று சொல்லும் பி0128 என்ற பிழைக் குறியீடும் மெமரியில் இருந்தது, யாரும் படிக்கவில்லை. பெட்டியை இறக்கியிருந்தால் நல்ல பிளேட்டுகளை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பிளேட்டுகளோடு அதே நோயைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

அதனால்தான், முதலில் வெப்பநிலை, அப்புறம் ஸ்பேனர் என்கிறேன். உங்கள் விஷயத்தில் நாலைந்து கிலோமீட்டரில் சரியாகிவிடுகிறது என்பதால் தெர்மோஸ்டாட் சந்தேகம் குறைவு, இருந்தாலும் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

சிவிடி (பெல்ட்டில் ஓடுவது), டிசிடி (இரட்டை கிளட்ச்), ஏஎம்டி என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். சிவிடி-யிலும் குளிரில் ஆர்பிஎம் உயரத்தில் நிற்கும், மாறுவதற்குக் கியரே இல்லாததால் வண்டி வெறுமனே இரைவது போல இருக்கும், அதுவும் சூடானால் இறங்கிவிடும். அதன் ஆயில் வேறு, ஏடிஎஃப்-ஐ அதில் ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பெட்டி போய்விடும். டிசிடி-யில் கன்வெர்ட்டர் கிடையாது, குளிரில் முதல் இரண்டு கியருக்குள் கொஞ்சம் உதறும். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் பெட்டிக்கு ரோபோ கை வைத்தது, அதில் காலை உதறல் வந்தால் கிளட்ச் பிளேட்டைப் பாருங்கள், இங்கே சொன்ன ஆயில் கதை அதற்குச் செல்லாது.

சரி, உங்களுக்கு மூன்று வேலை. நாளைக் காலை குளிர்ந்த வண்டியில், முள் ஆயிரத்துக்கு இறங்கிய பிறகு, டி-க்கும் ஆர்-க்கும் தள்ளி எத்தனை நொடியில் பிடிக்கிறது என்று போனில் வீடியோ எடுங்கள், லீவரும் ஆர்பிஎம் முள்ளும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும். அதே வீடியோவை இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்த பிறகு இன்னொருமுறை. ஸ்கேனர் உள்ள யாராவது ஒருவரை உட்கார வைத்து, கூலன்ட், ஏடிஎஃப் இரண்டின் சூட்டையும் ஸ்டார்ட்டிலிருந்து கால் மணி நேரத்துக்கு நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள், பிழைக் குறியீடுகள் இருந்தால் அழிக்காமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆயில் மட்டம் பார்க்கத் திறக்கும்போது வழியும் ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுத்து இவை எல்லாவற்றையும் அனுப்புங்கள். சொட்டு விரிந்து இளஞ்சிவப்பாகவோ தேன் நிறமாகவோ இருந்தால் ஆயில் மாற்றத்தோடு முடியும். நடுவில் கறுத்த புள்ளியும் தீய்ந்த வாடையும் இருந்தால் அப்போது பெட்டியை இறக்குவதைப் பற்றிப் பேசலாம்.